இருபது விநாடிகளில் பழையபடி மாறும்

திரும்பவும் அறுபது. நான் வெச்சது அறுபத்தாறு. வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்தக் கையாலதான் வெச்சேன், 1366×768, இந்த மானிட்டருக்குன்னு இருக்கற அளவு அதுதான், அத வெச்சாத்தான் எழுத்து துடைச்சு வெச்ச மாதிரி நிக்கும். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை காலைல வந்து உக்காந்தா 1360. ஆறு புள்ளி குறைஞ்சா என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேக்கறவங்க வந்து ஒரு நாள் முழுக்க என் எடத்துல உக்காந்து பாக்கட்டும். எழுத்தோட ஓரமெல்லாம் கசங்கிப் போகும், ழகரத்தோட வால் எங்க முடியுதுன்னே தெரியாது, நாலு பக்கம் அடிக்கறதுக்குள்ள நெத்திப் பொட்டு வலிக்கும். நான் காலேஜ் பசங்களோட ஆய்வேடு அடிச்சுக் குடுக்கறவ, ஒரு நாளைக்கு இருபது பக்கம், எனக்குக் கண்ணும் திரையும்தான் பொழப்பு. போன மாசம் முதல்ல இப்படி ஆனப்ப என் கண்ணுதான் போச்சுன்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உங்க கண்ணு கல்லு மாதிரி இருக்குதும்மான்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் ஒயரைக் கழட்டி மாட்டினேன். அப்புறம் ஆரோக்கியராஜ் சாருக்குப் போன் போட்டேன். இந்த லினக்ஸைப் போட்டுக் குடுத்தவர் அவர்தான், பொள்ளாச்சியில கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினவர், ஊர் உலகமெல்லாம் சேர்ந்து எழுதின சிஸ்டம்மா இது, யாருக்கும் சொந்தமில்ல, ஒளிவுமறைவு இல்லன்னு பெருமையாப் பேசுவார். "கோகிலவாணிம்மா, அது தானா எதையும் மாத்தாது. யாராவது கை வெச்சாத்தான் மாறும்" அப்படின்னார். யாராவது. இந்த ஊட்டுல இருக்கறது நானும் என் ஊட்டுக்காரரும். மூணாவதா அந்த யாராவது யாருங்க?

சரி, மாத்துவோம். அமைப்புகள், காட்சி, தெளிவுத்திறன். எல்லாத்தையும் தமிழ்ல போட்டுக் குடுத்திருக்கார் சாரு. அமுக்கினா ஒரு பட்டியல் தொங்குது, மேல 1366×768, அதுக்கு நேர் கீழ 1360×768, அப்புறம் படிப்படியா இறங்கி அடியில 800×600. ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கற ரெண்டு எண். மேல இருக்கறதை அமுக்கறேன். திரை ஒரு தடவை கறுத்துட்டு வருது, பெட்டி வருது. இந்த அமைப்பை வைத்திருக்கவா? 20 விநாடிகளில் பழையபடி மாறும். இருபது, பத்தொன்பது. நல்ல ஏற்பாடுதான். தப்பா எதையாவது அமுக்கித் திரையே தெரியாமப் போச்சுன்னா, கம்முனு இருந்தாப் போதும், அதுவே திரும்பிக்கும். அப்ப இதை 1360க்கு மாத்தினவங்க இந்தப் பெட்டியையும் பாத்திருக்காங்க, ஆமாம் இப்படியே இருக்கட்டும்னு அமுக்கியும் இருக்காங்க. கை தவறி இல்ல. தெரிஞ்சு செஞ்சது. ஊட்டுக்காரரைக் கேட்டேனே போன வாரம், "ஏனுங்க, கம்ப்யூட்டரத் தொட்டீங்களா?"ன்னு. "நான் எதுக்குப் புள்ள அதத் தொடறேன்" அப்படின்னு சட்டுனு சொன்னார். சொன்னதோட நிறுத்தியிருந்தா நானும் விட்டிருப்பேன். சாயங்காலம் ரெண்டு முழம் மல்லிகை வாங்கிட்டு வந்தார். கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்துல சென்னியப்பன்கற மனுசன் கேக்காம பூ வாங்கினது எத்தனை தடவைன்னு விரல் விட்டுச் சொல்லுவேன். ஒரு கேள்வி கேட்டதுக்கு என்னைய நாலு திட்டு திட்டியிருந்தா அது நியாயம். பூ எதுக்குங்க? ஐயோ, ரெண்டு, ஒண்ணு, போச்சு. பெட்டி மறைஞ்சு திரும்பவும் அறுபது.

கெரகம். ஒரு சந்தேகம் வந்துட்டா எனக்கு வரிசையா எல்லாம் வரும், அது என் பிறவிக் குணம், எங்கம்மாவே சொல்லும். மொதல்ல அந்தக் கோடு. இருபது நாளைக்கு முந்தி சமையக்கட்டுல அடுப்பு மேடைக்குக் கீழ தரையில வெள்ளையா ஒரு கோடு, சாக்பீஸ்ல போட்டது, ஒரு முழ நீளம். துடைச்சேன். மூணு நாள் கழிச்சு அதே எடத்துல அதே கோடு. மாடியில குடியிருக்கற ரேணுகா அந்த வாரந்தான் மாவாட்ட வந்துட்டுப் போயிருந்தா. வாயில சக்கரையும் கண்ணுல எரிச்சலுமா இருக்கறவ அவ, எம் பொண்ணுக்கு நர்ஸ் வேலை கெடச்சதுலருந்து எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. செய்வினையேதான்னு முடிவு பண்ணி எலுமிச்சம்பழம் அறுத்து வாசல்ல வெச்சேன், சூடம் சுத்தினேன். அவரு பாத்துட்டு நின்னார். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. சாமி கும்புடறதையே கிண்டல் பண்றவர் கேக்கல! அப்புறம் குழிக்கரண்டி. ரசத்துக்குப் போடற சின்ன எவர்சில்வர் கரண்டி காணாமப் போச்சு, ரெண்டு நாள் தேடினா மானிட்டருக்குப் பின்னால கெடக்குது. கம்ப்யூட்டர் மேசைக்கும் ரசக் கரண்டிக்கும் என்ன சம்பந்தம்? நான் அச்சடிக்கக் கோயமுத்தூர் போற நாள்ல இங்க யாரோ உக்காந்திருக்காங்க, யாருக்கோ பரிமாறியிருக்காங்க. கரண்டியை மோந்து பாத்தேன். ரச வாசம் இல்ல, கழுவிக் காஞ்ச கரண்டி. சாப்பிடாத கரண்டியை எதுக்கு ஒளிக்கணும்னு அன்னிக்குத் தூக்கம் வரல.

இப்ப மறுபடி மாத்துவோம், சித்த நிதானமா. அவர் கோழி வாங்கப் போயிருக்கார், ஞாயித்துக்கிழமை பாய் கடையில கூட்டம், அரை மணி ஆகும். "எலும்போட வாங்கிட்டு வரட்டுமா, வாணி?"ன்னு கேட்டுட்டு வண்டியை எடுக்காம நடந்து போனார். பக்கந்தானேன்னார். இப்பெல்லாம் எல்லாத்துக்கும் நடைதான். வண்டி மூலையில தூசி படிஞ்சு நிக்குது. நடந்து போனா போன் பேசிக்கிட்டே போலாமில்ல? நான் சன்னல் வழியா பாத்தேன். உதடு அசையுது. கையில போன் இல்ல, காதுல ஒயர் இல்ல, உதடு மட்டும் அசையுது. குளிக்கறப்பவும் அப்படித்தான், தண்ணி ஊத்தற சத்தத்துக்கு நடுவுல முணுமுணுன்னு ஒரு சத்தம், கதவைத் தட்டினா நின்னுபோகும். நாளைக்கு எட்டு மணிக்கு டிப்போவுல மெடிக்கல் இருக்குதாம், சும்மா பேருக்குத்தான், சோறு சீக்கிரம் ஆக்கிருன்னு நேத்துச் சொன்னார். வால்பாறை மலை பஸ்ஸு ஓட்டறவர் அவர், பத்தொன்பது வருஷமா நாப்பது கொண்டை ஊசி வளைவும் அவர் கையில பழகினது. மெடிக்கல்னா ரத்தம் எடுப்பாங்க, கண்ணு பாப்பாங்க, அதுக்கு எதுக்கு மனுசன் ஒரு வாரமா சோத்துல கை வெச்சுட்டு எங்கியோ பாக்கறார்? எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கறது இன்னொண்ணு. எம் பொண்ணு கவிப்பிரியா மலை மேல எஸ்டேட் ஆஸ்பத்திரியில நர்ஸு. ரெண்டு வருஷமா வாராவாரம் அப்பா பஸ்லதான் போவா, வருவா, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டு அவளுக்குன்னே இருக்கும். ரெண்டு மாசமா வேண்டாம்னுட்டார். கூட்டமா இருக்குது கவி, அடுத்த பஸ்ல வந்துருன்னு. பெத்த பொண்ணைத் தன் பஸ்ல ஏத்தாத அப்பன் எந்த ஊர்ல இருக்கான்? அந்தப் பக்கத்து சீட்டுல இப்ப யார் உக்காந்து வர்றா? பொண்ணு பாத்துரக் கூடாதுன்னு எதை மறைக்கறார்? நினைச்சுக்கிட்டே திரும்பவும் அறுபத்தாறைப் போட்டிருக்கேன், பெட்டி வந்து எண்ணிக்கிட்டே இருக்குது, ஒன்பது, எட்டு, நான் அமுக்கல. ஏன் அமுக்கலன்னு தெரியல. அறுபதாவே இருக்கட்டும், அப்படியே வெச்சாத்தான் தடயம்னு ஒரு புத்தி.

தடயம்னு நினைச்சதும்தான் ஞாபகம் வருது, கோப்புகள்ல சமீபத்தியவைன்னு ஒரு பகுதி இருக்குது. கடைசியா எதெதைத் திறந்தாங்கன்னு வரிசையாக் காட்டும், திறந்தவங்களுக்கு அது தெரியாது. அமுக்கறேன். என்னோட ஆய்வேடு, ஆய்வேடு, ஒரு கேள்வித்தாள், அதுக்கு மேல ஒரு படம். நேத்து காலை பதினொண்ணே கால். நேத்து பதினொண்ணே காலுக்கு நான் ரேஷன் கடையில நின்னுட்டிருந்தேன். போன்ல எடுத்த படம், பேரு இல்ல, வெறும் எண். சரி வாணி, இதுதான். இதைத் திறந்தா அவ மூஞ்சி இருக்கும். சின்ன வயசா இருப்பாளா, என் வயசா? என் வயசா இருந்தாத்தான் அதிகம் வலிக்கும். திறக்காம அழிச்சிரலாம். அழிச்சுட்டு மல்லிகைப் பூவை வெச்சுக்கிட்டு இருந்துரலாம், எத்தனை பொம்பளைங்க அப்படி இருக்காங்க. இல்ல, நான் அப்படி இருக்கறவ இல்ல, எனக்குத் தெரிஞ்சாகணும், எதுவா இருந்தாலும் தெரிஞ்சாகணும். ரெண்டு தடவை அமுக்கறேன். சுவர். சுண்ணாம்பு அடிச்ச சுவர், பாதி காலண்டர், நடுவுல ஒரு அட்டை, கொஞ்சம் சாய்வா எடுத்திருக்குது. மேல பெரிசா ஒரு எழுத்து, கீழ வர வரச் சிறிசு சிறிசா எழுத்து. கண் ஆஸ்பத்திரி அட்டை. டிப்போ ரூமுல மாட்டியிருக்கறதா இருக்கும். அட சாமி, நான் சிரிச்சுட்டேன், வாய் விட்டுச் சிரிச்சுட்டேன், தனியா உக்காந்து. அட்டைதானா! பொம்பளை இல்ல, அட்டை! ஆண்டவனே, உனக்கு ஒரு தேங்கா உடைக்கறேன். அட்டையை எதுக்கு இவரு ஊட்டுல வெச்சுப் பாக்கணும்னு நினைச்சேன், சிரிச்ச வாய் அப்படியே நின்னுச்சு. கடைசி வரிக்கு முந்தின வரி, ம ர ப ட ய. கடைசி வரி, க ட ல ப ர வ. குளிக்கறப்ப முணுமுணுத்தது இதுதான். நான் எந்திரிச்சு அடுப்பு மேடைகிட்டப் போனேன். கோடு லேசாத் தெரியுது, எத்தனை துடைச்சாலும் போகாத மாதிரி. அங்க நின்னு திரும்பினா வாசப்படி வழியா மானிட்டர் நேராத் தெரியுது. ஹால் பன்னெண்டு அடி, சமையக்கட்டு எட்டு அடி. ஆஸ்பத்திரியில அட்டையில இருந்து எத்தனை அடி தள்ளி நிறுத்துவாங்க? இருபது. குழிக்கரண்டியை எடுத்து ஒரு கண்ணுல வெச்சேன், அளவெடுத்துச் செஞ்சதாட்டம் மூடுது. பாவம் ரேணுகா. பாவம், அவளை என்னென்ன நினைச்சேன்.

திரும்ப வந்து உக்காந்துட்டேன். தீவாளிக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். பேப்பர் படிக்க எழுத்து சின்னதா இருக்குது புள்ளன்னார், கண்ணாடி போடுங்கன்னேன், எனக்கெதுக்குக் கண்ணாடி, கழுகுக் கண்ணு எனக்குன்னார். சரி, அப்ப இங்க போயி எண்ணூறைப் போடுங்க, எல்லாம் பெரிசாயிரும், முடிச்சுட்டு மறக்காம மேல இருக்கற அறுபத்தாறைப் போட்டுருங்கன்னு காட்டினேன். அவர் மறக்கல. பெரிசு பண்ணி உருப்போட்டிருக்கார், ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியக் கூடாதுன்னு மாத்தி வெச்சுட்டுத்தான் எந்திரிச்சிருக்கார். அறுபத்தாறைப் போட்டதாத்தான் நினைச்சிருக்கார். திரையில இருந்து ஒரு முழம் தூரத்துல உக்காந்துக்கிட்டு ஆறுக்கும் பூஜ்யத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியல. ஐயோ. ஒன்பதாவது வளைவுல பஸ்ஸு சுவத்துல உரசிக் கண்ணாடி போனதே மார்கழியில, எதிர்ல வந்த டீத்தூள் லாரிக்காரன்தான் ஒதுங்கலன்னார், நானும் அந்த லாரிக்காரனைப் பாக்காமயே சாபம் விட்டேன். எங்க மாமன் கல்யாண மண்டபத்துல கையெடுத்துக் கும்பிட்டும் இவர் பாக்காமப் போயிட்டார்னு சண்டைக்கு வந்தாங்க, நான் இவருக்காகப் பரிஞ்சு பேசினேன். வண்டி தூசி படிஞ்சு நிக்குது. பொண்ணு அடுத்த பஸ்ல வர்றா. அடுத்த பஸ்ல. அதுதான் நெஞ்சுல முள்ளாக் குத்துது. எம் பொண்ணு ஏறக் கூடாதுன்னு அவருக்குத் தெரியுது, அந்தச் சீட்டுல வேற யாரோ பொண்ணு உக்காந்து போறா, அவளும் ராத்திரி டியூட்டி முடிச்சு அப்பனாத்தாளைப் பாக்கத்தானே வர்றா? என்ன செய்யறது நான்? கோவமா வருது, அழுகையும் வருது, எது மொதல்லன்னு தெரியல. படத்தை அழிச்சா என்ன, மனசுல ஏறியாச்சே. டிப்போவுக்குப் போயி சொல்ல முடியுமா, கட்டினவளே காட்டிக் குடுத்தான்னு ஊரே பேசும். கம்முனு இருந்தா நாளைக்கு ஒப்பிச்சுப் பாஸ் ஆயிருவார், பெரிய டாக்டரே அசந்து போவார். பாஸ் ஆகலன்னா ஷெட்டுல டயர் எண்ணற வேலை குடுப்பாங்க, லைட் டியூட்டிம்பாங்க, பத்தொன்பது வருஷம் மலை ஏறின மனுசன் அங்க எப்படி உக்காருவார்? ஒரு நிமிஷம், நெசமாச் சொல்றேன், ஒரு நிமிஷம், நானே கூட உக்காந்து ஒப்பிக்க வெச்சிரலாமான்னு தோணுச்சு. என்னையே செருப்பால அடிக்கணும்.

கேட் சத்தம் கேட்டுச்சு. படத்தை மூடினேன். எழுதற பக்கத்தைத் திறந்து, அந்த அட்டையோட கடைசி ரெண்டு வரி என்ன உசரம் இருந்துச்சோ அதே உசரத்துல, ரெண்டு வரி அடிச்சேன். விரல் பழகின விரல், பாக்காமயே அடிக்கும். அவர் உள்ள வந்தார், கையில கோழிப் பை, நெத்தியில வேர்வை. "வாணி, ஈரல் தனியாப் போடச் சொன்னேன்." நான் கரண்டியை நீட்டினேன். "பையை அக்கட்டால வைங்க. அந்தக் கோட்டுல போயி நில்லுங்க." பாத்தார். என் கையைப் பாத்தார், கரண்டியைப் பாத்தார், என் மூஞ்சியைப் பாத்தார். மூஞ்சி தெரியுதா இவருக்கு? இப்ப நான் அழறது தெரியுதா? சின்னதா ஒரு சிரிப்பு சிரிச்சார், திருட்டுச் சிரிப்பு, புள்ளைங்க சிரிக்கற மாதிரி. "கண்டுபுடிச்சுட்டியா? சும்மா ஒரு பழக்கத்துக்குத்தான் புள்ள. எல்லா டிரைவருந்தான் பாத்துட்டுப் போறாங்க." "இருக்கட்டும். படிங்க. கடைசிக்கு முந்தின வரி." பையைக் கீழ வைக்கல, ஒரு கையில அதைப் புடிச்சுக்கிட்டே கோட்டுல போயி நின்னார், கரண்டியை வாங்கி வலது கண்ணை மூடினார், நெஞ்சை நிமித்தினார். "ம, ர, ப, ட, ய." நிறுத்தாம சொன்னார். "கடைசி வரி?" "க, ட, ல, ப, ர, வ." கரண்டியை அடுத்த கண்ணுக்கு மாத்தினார். "ம, ர, ப, ட, ய. க, ட, ல, ப, ர, வ. எப்படி?" நான் மவுஸைக் கையில எடுத்தேன். "எப்படி வாணி, சரிதானே?"

நான் பட்டியலைத் திறந்தேன். அறுபதைத் தாண்டி, எல்லாத்தையும் தாண்டி, அடியில இருந்த எண்ணூறை அமுக்கினேன். திரை கறுத்துட்டு வந்துச்சு, எழுத்தெல்லாம் பெரிசாச்சு, ஓரத்துல பெட்டி. இருபது, பத்தொன்பது. "இன்னொருக்காப் பாருங்க." "அதான் சொன்னேனே." "சொன்னீங்க. இப்பப் பாருங்க." அவர் கரண்டியை இறக்கினார். ரெண்டு கண்ணையும் சுருக்கினார். ஒரு அடி வெச்சார், நின்னார். பதினாலு. வாசப்படி தாண்டினார். கோழிப் பையில இருந்து ஒரு சொட்டு ஒரு சொட்டாத் தண்ணி விழுந்துக்கிட்டு வருது. பத்து. ஹால் பாதி. உதடு அசையப் பாக்குது, பழகின எழுத்தைத் தேடுது, கெடைக்கல. ஏழு. மேசைகிட்ட வந்துட்டார், குனிஞ்சார், என் தோள் மேல அவர் மூச்சு படுது. எழுத்து எழுத்தாக் கூட்டிப் படிச்சார், ஒண்ணாங்கிளாஸ் புள்ளையாட்டம், சத்தமா. "கவி உங்க... பஸ்ல... வரலாமா." அவர் கை மேசையைப் புடிச்சுக்கிச்சு. நான் திரும்பிப் பாக்கல, பாத்தா நான் ஒடைஞ்சு போயிருவேன். "வேண்டாம்" அப்படின்னார். பெட்டியில மூணு இருந்துச்சு. வைத்திருன்னு அமுக்கினேன்.